ஒரே கட்டத்துக்குள் அடங்காதவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கவிதை, ஓவியம், திரைப்படம், நிகழ்த்துகலை என்று பல துறைகளில் இயங்கும் ஒரு கலைஞரைப் பற்றி எழுதும்போது, 'கவிஞர்' என்று போட்டுவிட்டு மற்றதெல்லாம் அவருடைய ஓய்வுநேர ஆர்வம் என்பதுபோல நகர்ந்துவிடுகிறோம். எனக்கு இது பெரிய வருத்தம்.

தாகூரின் 'பூரபி' கவிதைத் தொகுப்பின் கையெழுத்துப் பிரதியைப் பாருங்கள். வேண்டாமென்று அடித்த சொற்களை அவர் சும்மா விடவில்லை. ஓர் அடித்தலை அடுத்ததோடு கோடிழுத்துச் சேர்த்து, அலகு வைத்து, கண் வைத்து, பெயரில்லாத பிராணிகளாக்கியிருக்கிறார். கவிதை எங்கே முடிகிறது, படம் எங்கே தொடங்குகிறது என்று எப்படிப் பிரிப்பது? 1924-இல் அந்தப் பக்கங்களைக் கண்டு வியந்த அர்ஜென்டினா எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போவின் உதவியால்தான், 1930-இல் பாரிஸில் தாகூரின் ஓவியக் கண்காட்சி நடந்தது. அப்போது அவருக்கு எழுபதை நெருங்கும் வயது. அப்புறம் 1932-இல், தன் நாடகமான 'நடீர் பூஜா'வைத் தானே படமாகவும் இயக்கினார். மேடையில் நடித்ததும் பாட்டுக்கு மெட்டமைத்ததும் தனிக் கதை.

நம் விருது விண்ணப்பங்களில் துறைக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. பல துறைக் கலைஞர் அதில் எதையோ ஒன்றை எழுதி, மீதியை மறைக்க வேண்டியிருக்கிறது. பத்திரிகைகளாவது வேறு மாதிரி செய்யலாம். கவிதை வாசிப்பும் திரையிடலும் ஒன்றாக நடக்கும் நிகழ்ச்சிக்கு, முழுவதும் உட்கார்ந்து பார்க்கும் ஒருவரை அனுப்புங்கள். பெயருக்கு முன் என்ன போடலாம் என்பதையும் அந்தக் கலைஞரிடமே கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்