சிவப்பு நூல்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்து விடும்போது அவர் உன்னைப் படுத்தும் பாட்டைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன்.

"எஞ்சின் இல்லாத விமானத்தில் மலையை ஒட்டிப் பறப்பானேன், விழுவானேன்?" என்று கேட்டிருந்தாய். முதல் பாதிக்குப் பதில் சுலபம். பென்சில்வேனியாவில் அப்பலாச்சியன் மலைகள் வரப்பு போட்டதுபோல நீளநீளமாகக் கிடக்கின்றன. வடமேற்குக் காற்று வந்து குறுக்கே மோதும். போக வழியில்லாமல் சரிவில் ஏறும். அந்த ஏறுகாற்றில் நின்றுகொண்டால் மணிக்கணக்கில் இறங்கவே வேண்டாம். கார்ல் ஸ்ட்ரீடிக் 1968-ல் இங்குள்ள பால்ட் ஈகிள் மலையில் கிளம்பி, போக வர 760 கிலோமீட்டருக்கு மேல் பறந்து உலக சாதனை செய்தது இப்படித்தான்.

விழுவானேன் என்பதற்குத்தான் பதில் நீளம். வால்பாறைப் பாதையில் மேலே ஏறும் வண்டிக்கு நீ வழி விடுவாய் அல்லவா? இங்கேயும் அப்படி ஒரு வழக்கம் உண்டு. எதிரெதிரே வந்தால், மலை யாருக்கு வலப்பக்கம் இருக்கிறதோ அவர் நேரே போகலாம். மற்றவர் பள்ளத்தாக்குப் பக்கம் ஒதுங்க வேண்டும். திரும்புவது எப்போதும் மலையை விட்டு வெளிப்பக்கம்தான். மலைப்பக்கம் திரும்பினால் காற்று முதுகில் வந்துவிடும். கிளைடர் காற்றில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும், பின்காற்று 40 என்றால் தரை 130-ல் ஓடும். மரங்கள் பறந்து வருவதைப் பார்த்துக் கண் ஏமாந்து, வேகம் அதிகம் என்று கை தானாக, மூக்கை ஏற்றி இறக்கும் கட்டுப்பாட்டுக் கம்பியைப் பின்னால் இழுக்கும். உண்மையான வேகம் குறைந்து, ஒரு இறக்கை சட்டென்று தொய்ந்து, கிளைடர் சுழலும். அதிலிருந்து மீள உயரம் வேண்டும். மரத்தலைக்கு ஐம்பது மீட்டர் மேலே இருப்பவனுக்கு அது ஏது?

இதெல்லாம் எங்கள் எல்லோருக்கும் பாடம்தான், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். நானும் சொல்வேன். போன நவம்பர் கடைசி ஞாயிறு நடந்ததைக் கேள்.

பள்ளத்தாக்குத் தரையிலிருந்து 200 மீட்டருக்கு வந்துவிட்டால் மலையை விட்டுவிட்டு வயலில் இறங்குவது என்று காலையில் எனக்கு நானே சொல்லியிருந்தேன். மூன்று மணிக்கு மேல் காற்று தளர்ந்தது. 200 வந்தது. அந்த வளைவுக்கு அப்புறம் போன தடவை நல்ல ஏற்றம் கிடைத்ததே, ஒரே ஒரு தடவை போய்ப் பார்ப்போம் என்று போனேன். 170. சரி, இன்னும் ஒன்று. 140. ஒவ்வொரு தடவையும் அது தனித்தனி முடிவாகத் தெரிந்ததே தவிர, சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. கடைசியில் கண்ணுக்குப் பட்ட முதல் சோளவயல்தான் கதி.

வயலுக்கு நேராகத் திரும்பும்போது தரை மிக அருகில். இறக்கையைச் சாய்த்தால் தட்டிவிடும்போல ஒரு பயம். சாய்க்காமல், வால் சுக்கானைத் திருப்பும் மிதியைக் காலால் மிதித்தே மூக்கைத் திருப்பியிருக்கிறேன். எங்கள் முன்கண்ணாடியில் ஒரு சாண் சிவப்புக் கம்பளி நூல் ஒட்டியிருக்கும்; சரியாகப் பறந்தால் அது நேராகக் கிடக்கும். அது ஒருபக்கமாகச் சாய்ந்து துடித்தது. காற்றின் இரைச்சலும் அடங்கிப்போனது. வேகம் குறைகிறது என்று அர்த்தம். இரண்டும் சேர்ந்தால் மேலே சொன்ன அந்தச் சுழல்தான். அது உறைத்ததும் கம்பியை முன்னால் தள்ளிக் காலை நேராக்கினேன். அறுத்த சோளத்தட்டை அடிவயிற்றில் கரகரவென்று உரச, இறங்கி நின்றது. மூடியைத் திறக்க விரல் வரவில்லை. வயல்காரர் காபி கொடுத்தார். அதைக் காபி என்று சொன்னால் உன் அம்மா கோபித்துக்கொள்வார்.

உனக்குப் பிடித்த பழைய கதை ஒன்று. ஒரு காலத்தில் இதில் யார் அதிக நேரம் தாக்குப்பிடிக்கிறார்கள் என்ற போட்டியே இருந்தது. 1911-ல் ஆர்வில் ரைட் கடற்கரை மணல்மேட்டில் 9 நிமிடம் 45 விநாடி. 1952-ல் பிரான்சில் ஷார்ல் அட்ஜே 56 மணி 15 நிமிடம்! இந்தப் போட்டியில் தூக்கம் சொக்கி மலையில் மோதி இறந்தவர்களும் உண்டு. கடைசியில் சர்வதேச விமான விளையாட்டுக் கூட்டமைப்பு அந்தச் சாதனைப் பிரிவையே எடுத்துவிட்டது. தூங்கி விழப்போகிறவனிடம் போய், இறங்குகிறாயா என்று கேட்டு என்ன பயன்?

இப்போது என் கருவிப் பலகையில் 200 என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். சிலர் கிண்டல் செய்கிறார்கள். ஒட்டிய பிறகு இரண்டு முறை வயலில் இறங்கினேன்; ஒருமுறை இறங்கிய ஐந்தாவது நிமிடமே காற்று திரும்ப எழுந்தது. எரிச்சலாகத்தான் இருந்தது.

ஏப்ரலில் வருகிறேன். வால்பாறைக்கு நீயே ஓட்டு. ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் நிறுத்து, வரையாடு பார்க்க வேண்டும். அங்கே பருந்து ஏதாவது மலையோரம் மிதந்தால், அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதையும்.

அன்புடன்,
ரவி