ஜெராக்ஸ் கடையை மறந்துவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலையில் தங்கி ஐடி வேலை பார்ப்பவர்களின் இணையப் பாதுகாப்பு பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஹோம்ஸ்டே வைஃபையின் ஆபத்து, இணையத்தில் நாம் அனுப்புவதை மறைத்து அனுப்பும் விபிஎன் என்று விரிவாக எழுதியவர் ஜெராக்ஸ் கடையை மறந்துவிட்டார். கோத்தகிரியில் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் அதை நான் சொல்கிறேன்.

சென்னை, பெங்களூரு கம்பெனிகளுக்கு இங்கிருந்தே வேலை செய்யும் பிள்ளைகள் லேப்டாப் விஷயத்தில் கவனமாகத்தான் இருக்கிறார்கள். திரையைப் பூட்டாமல் டீ குடிக்கக்கூட எழுந்திருக்க மாட்டார்கள். ஆனால் பிரின்டரை யாரும் மலைக்குத் தூக்கி வருவதில்லை. சம்பளச் சீட்டோ வாடகை ஒப்பந்தமோ, கடைக்குத்தான் வந்தாக வேண்டும். வந்ததும் கடை கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்து, போனில் ஸ்கேன் செய்து, ஃபைலை இறக்கி, பிரின்ட் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். வெளியே மழை, டாக்ஸிக்காரர் ஹாரன் அடிக்கிறார். லாக் அவுட் யாருக்கு ஞாபகம் வரும்?

ஒருமுறை இணைத்துவிட்டால், போனை அணைத்து வைத்தாலும் வாட்ஸ்அப் வெப் 14 நாள் வரை ஓடிக்கொண்டிருக்கும். அப்படித்தான் ஒரு நாள், பட்டா நகல் எடுக்க வந்த பெரியவரின் கண்ணெதிரே, முன்னால் வந்து போனவரின் ஆபீஸ் குரூப் செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. அதில் ஒன்று ஏதோ சர்வரின் பாஸ்வேர்ட். பெரியவருக்கு அது புரியவில்லை, சரி. எல்லோரும் அவரைப் போலவா இருப்பார்கள்? நான்தான் லாக் அவுட் செய்தேன். போனிலேயே ‘லிங்க்டு டிவைசஸ்’ பகுதிக்குப் போனால் எந்தெந்த கம்ப்யூட்டரில் கணக்கு திறந்திருக்கிறது என்று தெரியும், அங்கிருந்தே வெளியேறவும் முடியும்.

அடுத்தது இ-ஆதார். அந்த ஃபைலின் பாஸ்வேர்ட், ஆங்கிலத்தில் பெயரின் முதல் 4 எழுத்துகளும் பிறந்த ஆண்டும் என்பது ஊருக்கே தெரியும். அதையும் கடையில் நின்று சத்தமாகச் சொல்லித்தான் டைப் செய்கிறார்கள். இறக்கிய ஃபைல் டவுன்லோட்ஸில் கிடக்கும். அழித்தாலும் ரீசைக்கிள் பின்னில் கிடக்கும். பொது கம்ப்யூட்டரில் இ-ஆதார் இறக்காதீர்கள், இறக்கினால் எல்லா நகலையும் அழித்துவிடுங்கள் என்று 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் எச்சரித்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி இரண்டே நாளில் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். என்னைக் கேட்டால், கம்ப்யூட்டர் பற்றிய பகுதியையாவது விட்டுவைத்திருக்கலாம். ஹோம்ஸ்டேக்காரர் நகல் கேட்டால், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் போதுமா என்று கேட்டுப் பாருங்கள்.

வைஃபை பயம் கொஞ்சம் மிகை என்றே எனக்குப் படுகிறது. வங்கி, மெயில் தளங்களில் நாம் அனுப்புவது இன்று பூட்டுப் போட்டுத்தான் போகிறது. கடை கம்ப்யூட்டரில் பூட்டைத் திறந்து வைப்பது நாமேதான். வேண்டிய அந்த ஒரு ஃபைலை மட்டும் போனிலிருந்தே கடை மெயிலுக்கு அனுப்பி, பிரின்ட் வந்ததும் எதிரிலேயே அழிக்கச் சொல்லலாம். கூச்சப்பட ஒன்றுமில்லை.

கடைக்காரர்கள் நாங்களும் பிரௌசரை கெஸ்ட் மோடில் திறந்து கொடுக்கலாம். மூடியதும் லாகின்கள் போய்விடும். ஆனால் இறக்கிய ஃபைல் அப்படியே இருக்கும், அதைக் கையால்தான் அழிக்க வேண்டும். மே மாத சீசனில் வாசல் வரை கூட்டம் நிற்கும்போது கடைக்காரர் அதைச் செய்வார் என்று நம்பிப் போய்விடாதீர்கள்.

– ஜெராக்ஸ் கடைக்காரர், கோத்தகிரி