அரையாண்டு முடிந்த கையோடு பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்து, திருத்திய விடைத்தாள்களும் பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டன. இந்தப் பருவம் பள்ளிக்கு நல்லபடியாகவே போனது. குறுவட்ட விளையாட்டுப் போட்டியில் நம் கோகோ அணி இறுதிச்சுற்று வரை போய் வந்தது. அறிவியல் கண்காட்சி, குழந்தைகள் தின விழா, நாட்டு நலப்பணித் திட்ட முகாம் எல்லாம் குறையில்லாமல் நடந்தன. ஒத்துழைத்த ஆசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கும் நன்றி. பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியின் கசிவையும் அடைத்தாயிற்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர்கள் இனி வருவதை உட்கார்ந்து நிதானமாகப் படிக்கவேண்டும். மற்றவர்களும் படிக்கலாம், அடுத்த வருடம் உங்கள் முறை.

அரையாண்டுக்கு முந்தைய வாரம் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலத்தில் ஒரு சிறிய தேர்வு வைத்தோம். காதால் கேட்டு எழுத பத்து மதிப்பெண், பாடப்புத்தகத்துக்கு வெளியே உள்ளதைப் படித்து எழுத பத்து மதிப்பெண். செவ்வாய்க்கிழமை அ பிரிவு, புதன்கிழமை ஆ பிரிவு. இருக்கிற ஒரே நல்ல ஸ்பீக்கர் கூட்ட அரங்கில்தான் இருக்கிறது, அதனால் இரண்டு நாள்.

ஒலிப்பதிவை நம் ஆங்கில ஆசிரியை வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு மேல், தெரு அடங்கிய பிறகு, தன் போனிலேயே பேசித் தயார் செய்தார். ரயில் நிலைய அறிவிப்பு ஒன்று, ஒரு கிளினிக்கிலிருந்து வரும் போன் தகவல் ஒன்று, கடையில் நோட்டு வாங்கும் உரையாடல் ஒன்று. கடைக்காரர் குரல் அவருடைய கணவருடையது. ஒவ்வொன்றையும் இரண்டு முறை ஒலிக்கவிட்டோம். அதற்கு முன் கேள்விகளைப் படித்துக்கொள்ள அவகாசமும் கொடுத்தோம்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை முதலில் சொல்கிறேன். கடை உரையாடலில் நோட்டின் விலை பதினைந்து ரூபாய். அ பிரிவில் 37 பேரில் 22 பேர் ஐம்பது என்று எழுதியிருந்தார்கள். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டையும் எழுதிக் காட்டினால் தடுமாறாமல் படிக்கிற பிள்ளைகள்தான். காதில் விழும்போது வார்த்தையின் கடைசியில் குரல் நீண்டு அழுந்துகிறதா, சட்டென்று முடிகிறதா என்று பிடிக்கத் தெரியவில்லை. ஒரு பையன் மட்டும் நூறு ரூபாய் என்று எழுதியிருந்தான். விசாரித்ததில், அந்த நேரம் பார்த்து வெளியே போன வேன் ஒலிபெருக்கியில் வெங்காயம் நான்கு கிலோ நூறு ரூபாய் என்று கூவியிருக்கிறது. அவன் காதில் ஒரு கோளாறும் இல்லை.

இப்படி எந்த இடத்தில் பிள்ளை தடுக்கி விழுகிறான் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தத் தேர்வு. அன்று சாயங்காலமே ஆசிரியைக்கு அடுத்த இரண்டு வாரப் பாடத்திட்டம் கிடைத்துவிட்டது.

புதன்கிழமை ஆ பிரிவு. அங்கேதான் என் வருத்தம்.

செவ்வாய்க்கிழமை மதியம், பிள்ளைக்குச் சாப்பாடு கொண்டுவந்த ஒரு பெற்றோர் அரங்கின் ஜன்னல் ஓரம் நின்று ஒலிப்பதிவைத் தன் போனில் பதிவு செய்திருக்கிறார். ராத்திரி அது பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் கேள்வித்தாளின் போட்டோவும் வந்திருக்கிறது. அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான் பத்துக் கேள்விக்கும் விடை எழுதி, அழகாக எண் போட்டு அனுப்பியிருக்கிறார். கும்பிடும் கை, கட்டைவிரல் எல்லாம் வரிசையாக விழுந்திருக்கிறது. அந்தக் குழுவில் பள்ளி ஆசிரியர்கள் யாரும் இல்லை. எங்களுக்கு இதெல்லாம் தெரிந்தது வியாழக்கிழமைதான்.

குழுவில் இருந்தவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஆசிரியை இரண்டு ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தார். கேள்வித்தாள் ஒன்றேதான், ஒலிப்பதிவு வேறு. முதல் நாள் ரயில் நான்காவது நடைமேடைக்கு வந்தது, இரண்டாம் நாள் ஆறாவது நடைமேடைக்கு. நோட்டு பதினைந்து ரூபாயிலிருந்து முப்பதுக்குப் போயிருந்தது. கிளினிக்கில் டாக்டரின் பெயரும், நோட்டுக் கடையின் பெயரும் மட்டும் மாறவில்லை.

ஆ பிரிவில் 36 பேர். அதில் 29 பேர் எழுதியது நான்காவது நடைமேடை. ஸ்பீக்கரில் தெளிவாக, இரண்டு முறை, ஆறு என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான்கு என்று எழுதியிருக்கிறார்கள். பத்து விடையும் முதல் நாள் விடை. சரியான விடையோடு ஒப்பிட்டால் அந்த 29 பேருக்கும் பத்துக்கு இரண்டு. டாக்டர் பெயருக்கு ஒன்று, கடைக்கு ஒன்று.

மீதி ஏழு பேர் கேட்டு எழுதியவர்கள். அதில் ஒரு மாணவியின் தாளை என் மேஜையிலேயே வைத்திருக்கிறேன். நடைமேடைக் கேள்விக்கு முதலில் ஆறு என்று எழுதி, அடித்து, நான்கு என்று எழுதி, அதையும் அடித்து, கீழே இடமில்லாமல் ஓரத்தில் மறுபடி ஆறு என்று எழுதியிருக்கிறாள். சுற்றி இருக்கிறவர்கள் எல்லாரும் நான்கு என்கிறார்கள், தன் காது ஆறு என்கிறது. அந்த ஒரு நிமிடம் பிள்ளை என்ன பாடு பட்டிருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். அவள் வீட்டில் இருப்பது பட்டன் போன்.

பதிவு செய்த பெற்றோர் மறுவாரம் தானாகவே என்னை வந்து பார்த்தார். பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கும் என்றுதான் சார் செய்தேன் என்றார். அதை நான் நம்புகிறேன். வந்து சொன்ன மனசுக்கு மரியாதையும் கொடுக்கிறேன். அவர் யார் என்று கேட்டு யாரும் அலுவலகத்துக்கு வரவேண்டாம், சொல்லமாட்டேன். மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, ஆங்கிலத்தில் எண்பதுக்குக் குறையாமல் வாங்குகிற என் பெண்ணுக்கு எப்படிப் பத்துக்கு இரண்டு வரும் என்று கோபமாக வந்தவர்களும் உண்டு. இந்தக் கதையைச் சொன்ன பிறகு உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள்.

இன்னொரு கேள்வியும் வந்தது, அது நியாயமானது. பொதுத்தேர்வில் இல்லாததை எதற்குச் சார் இப்போது வைக்கிறீர்கள்? உண்மைதான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலம் நூறு மதிப்பெண், அத்தனையும் எழுத்துத்தேர்வு. கேட்டல் கிடையாது. கட்டுரையையும் மனப்பாடச் செய்யுளையும் உருப்போட்டே கணிசமாக வாங்கிவிடலாம் என்பது உங்களைவிட எங்களுக்கு நன்றாகத் தெரியும், நாங்களே அப்படித்தான் வாங்கினோம். கல்லூரிக்குப் போன முதல் வாரத்தில் பேராசிரியர் பேசுவது ஒன்றும் புரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன். நம் பள்ளியில் படித்து நர்ஸிங் முடித்த பிள்ளைகள் வெளிநாடு போக ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வை எழுதும்போது வந்து புலம்புகிறார்கள். அதில் கேட்டல் பகுதியில் 40 கேள்வி, ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். இரண்டாம் தடவை என்ற பேச்சே இல்லை. படித்தல் பகுதிக்கும் 40 கேள்வி, ஒரு மணி நேரம். இருபத்துமூன்று வயதில் பணம் கட்டி அதைப் பழகுவதைவிட பதினான்கு வயதில் நம் கூட்ட அரங்கில் பழகுவது சுலபம்.

படித்தல் பகுதி பற்றியும் ஒரு வார்த்தை, அதில் திருட்டு நடக்கவில்லை என்பதால் யாரும் பேசவேயில்லை. வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கிற ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டின் பின்பக்கம் இருப்பது போன்ற ஒரு குறிப்பைக் கொடுத்திருந்தோம். ஒரு லிட்டர் குடிநீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்கவும், கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தவும், இவ்வளவுதான். கேள்வி: திங்கள் காலை எட்டு மணிக்கு அம்மா கரைத்து வைத்தார், செவ்வாய் மதியம் தம்பிக்குக் கொடுக்கலாமா? இரண்டு பிரிவிலும் பாதிக்கு மேல், 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தவும் என்ற வரியை எழுத்துப் பிசகாமல் எடுத்து எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். கொடுக்கலாமா, கூடாதா என்பதை எழுதவில்லை. கேள்வியில் உள்ள சொல் எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரியை அப்படியே இறக்குவதற்கு நாம்தான், ஆசிரியர்களும் கைடுகளும் சேர்ந்து, பழக்கியிருக்கிறோம். அதற்கு மதிப்பெண்ணும் போட்டு வந்திருக்கிறோம்.

எங்கள் பக்கத்துத் தவறு இன்னொன்றும் உண்டு. முதல் மூன்று பேருக்குக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பரிசு என்றும், மதிப்பெண் முன்னேற்ற அறிக்கையில் ஏறும் என்றும் அறிவித்தோம். பிள்ளையின் பலவீனத்தைக் கண்டுபிடிக்க வைக்கிற தேர்வுக்குப் பரிசு எதற்கு? அந்த யோசனை என்னுடையது, இரண்டையும் எடுத்துவிட்டேன்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இனி பள்ளி வளாகத்துக்குள் எந்த வகுப்பையும், எந்தத் தேர்வையும், எந்தப் பெற்றோரும் போனில் பதிவு செய்யக்கூடாது. சாப்பாடு கொண்டுவருபவர்கள் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போகவேண்டும், வராண்டாவுக்கு வரவேண்டாம். கேள்வித்தாளோ ஒலிப்பதிவோ வெளியே போனது தெரிந்தால் அந்தத் தேர்வு அந்த வகுப்பு முழுவதற்கும் செல்லாது. அனுப்பியவரின் பிள்ளையை நான் தண்டிக்கப்போவதில்லை, அனுப்பியவர் என் அறைக்கு வந்து எழுதிக் கொடுக்கவேண்டும். குழுவில் அது வந்ததைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. நாற்பது பெரியவர்கள் இருக்கும் குழுவில் ஒருவராவது, இது தப்பு, அழித்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒருவர்கூடச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

கடுமையாகப் பேசிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த 29 பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அம்மா அப்பா கொடுத்த விடையை நம்பினார்கள், பதினான்கு வயதில் வேறு யாரை நம்புவார்கள்?

ஆ பிரிவுக்குக் கேட்டல் தேர்வு மட்டும் மறுபடி நடக்கும். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரம், வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. அன்றே பதினொன்றேகாலுக்குப் பத்தாம் வகுப்புக்கும் முதல் தடவையாக வைக்கிறோம். ஒலிப்பதிவு புதியது. எத்தனை பதிவு தயாராக இருக்கிறது என்று ஆசிரியை என்னிடமே சொல்லவில்லை.

அன்று பத்திலிருந்து பன்னிரண்டு வரை ஒரு உதவி வேண்டும். தென் கொரியாவில் கல்லூரி நுழைவுத்தேர்வில் ஆங்கிலம் 45 கேள்வி, அதில் 17 கேட்டல். அந்தக் கேட்டல் பகுதியை ஒட்டிச் சுமார் 35 நிமிடம், அவசரம் என்றால் தவிர, நாடு முழுக்க எந்த விமானமும் ஏறுவதில்லை, இறங்குவதில்லை. நான் விமானத்தை நிறுத்தச் சொல்லவில்லை. பள்ளி வாசலில் ஹார்ன் அடிக்காமல் இருந்தால் போதும். வேன் வியாபாரிகளிடம் வாட்ச்மேன் பேசிக்கொள்வார்.

அதுவரை வீட்டில் என்ன செய்யலாம் என்று சிலர் கேட்டீர்கள். ரொம்ப யோசிக்கவேண்டாம். கிரிக்கெட் ஓடினால் ஆங்கில வர்ணனையில் வைத்துவிட்டு, டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து யார் அவுட், எத்தனை ரன் என்று சொல்லச் சொல்லுங்கள். ரேடியோவில் ஆங்கிலச் செய்தியை ஐந்து நிமிடம் கேட்டு ஏதாவது மூன்று எண்களைக் குறித்து வைக்கச் சொல்லலாம். மாத்திரை அட்டை, உரப்பை, வாஷிங் மெஷின் புத்தகம், எது கையில் கிடைத்தாலும் படித்து, இதை எப்படிச் செய்யணும் என்று உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியவில்லை என்று கூச்சப்படவேண்டாம். தெரியாதவருக்கு விளக்கும்போதுதான் தனக்குப் புரிந்ததா என்று பிள்ளைக்கே தெரியும்.

தேர்வு நாளில் மின்விசிறியை நிறுத்தியும் முணுமுணுக்காமல் எழுதிய பிள்ளைகளுக்கும், கோபமாக வந்து சிரித்துக்கொண்டு போன பெற்றோர்களுக்கும், குரல் கொடுத்த அந்தக் கடைக்காரருக்கும் என் நன்றி. எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: அலுவலக அறையில் பதினொரு டிபன் பாக்ஸ் மூடிகள், மூன்று குடைகள், இடது கால் ஷூ ஒன்று சேர்ந்திருக்கின்றன. விடுமுறைக்கு முன் வந்து எடுத்துக்கொள்ளவும்.