குழாயடியிலிருந்து தொடங்கும் சந்தை

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. சோம்பல் இல்லை. அகதி முகாம் ஒன்றுக்குச் சந்தை வரைந்து தரச் சொன்னார்கள், அதிலேயே கிடக்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற முடிகிறதா?

என் முதல் வரைபடத்தை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஒரே அளவில் அறுபது கடைகள், பிசகாத வரிசை, நடுவில் முற்றம். காலி இடம் கிடைத்தது என்பதற்காக முகாமின் கடைசி மூலையில் போட்டிருந்தேன். அங்கே முடி வெட்டும் ஒருவர் பார்த்துவிட்டு, "இவ்வளவு தூரம் யார் வருவார்கள்?" என்று மட்டும் கேட்டார். சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜோர்டானில் 2012 ஜூலையில் திறந்த ஸாத்தாரி முகாமுக்கு யாரும் கடைத்தெரு வரைந்து கொடுக்கவில்லை. வந்து சேர்ந்த சிரியாக்காரர்களே பிரதான சாலையின் இரண்டு பக்கமும் கடை போட்டார்கள். தெருவிளக்குக் கம்பத்திலிருந்து வயரை இழுத்து விளக்கு எரித்தார்கள், பையன்கள் தள்ளுவண்டியில் சாமான் ஏற்றிக் கூலி வாங்கினார்கள். அந்தத் தெருவுக்கு 'ஷாம் எலிசே' என்று பெயர். பாரிஸின் 'ஷான்ஸ் எலிசே' என்ற பெரிய வீதியை வைத்து ஒரு கிண்டல்; ஷாம் என்றால் டமாஸ்கஸ். 2014இல் அதே நாட்டில் திறந்த அஸ்ரக் முகாமை முன்கூட்டியே திட்டமிட்டுக் கட்டினார்கள். ஒழுங்குக்குக் குறைவில்லை, ஆனால் அந்தச் சந்தடி வரவில்லை. பின்னால் அங்கே சந்தை வந்தபோது உள்ளூர் ஜோர்டானியருக்கும் கடை ஒதுக்கினார்கள். அதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். வெளியூர்ச் சரக்கு வரவும், அக்கம்பக்கத்தாரின் பொறாமை தணியவும் வேறு வழி தெரியவில்லை.

தற்காலிகம்தானே என்று சொல்பவர்களிடம் கென்யாவின் ககுமாவைக் காட்டுகிறேன். 1992இல் தொடங்கிய முகாம் அது. 2018இல் உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகம் வெளியிட்ட ஆய்வு அங்கே 2,000க்கும் மேற்பட்ட தொழில்கள் நடப்பதாகச் சொன்னது.

சரி, புது வரைபடம். குழாயடியிலிருந்து மருத்துவமனைக்குப் போகும் பாதையில் ஏற்கெனவே பாய் விரித்து விற்கிறார்கள். அந்த இடங்களை அப்படியே குறித்துக்கொண்டேன். கடையென்று எதையும் கட்டப்போவதில்லை. நிழலுக்குக் கூரை, முழங்கால் உயரத் திண்ணை, குப்பைக்கு ஓர் இடம், அவ்வளவுதான். தடுப்புகளை அவரவர் போட்டுக்கொள்ளட்டும். நிரந்தரக் கட்டடம் கூடாது என்று அரசாங்கம் சொல்வதால் கூரை முழுக்க நட்டு போல்ட்டில் நிற்கும். வாடகையை யார் வாங்குவது என்பதில் மட்டும் நான்கு கூட்டம் போட்டும் முடிவில்லை.

இப்போது என்னைத் தூங்கவிடாதது வடிகால். குழாயடியில் சிந்துகிற தண்ணீர் நேரே தரைக்கடைப் பெண்களின் பாய்க்கு வருகிறது. ஒரு பெண் செங்கல்லை அடுக்கித் தன் பக்கம் மட்டும் திருப்பிவிட்டிருக்கிறார், அது அடுத்தவரின் மூட்டையை நனைக்கிறது. இடமோ சமதளம், சரிவே கிடையாது. இத்தனை வருடம் வடிகால் போட்டவன் நீ. அந்தப் பழைய நோட்டைத் தேடிப் பார், அப்புறம் ஒரு நாள் போன் செய்.

உன் பழைய கூட்டாளி