அம்மாட பக்கத்துக் கட்டில் அக்காவுக்கு

அம்மாட அந்தியேட்டி போன கிழமைதான் முடிஞ்சுது, இப்பதான் இருந்து எழுத மனம் வந்திருக்கு. வவுனியாவில இருந்து மகரகம கான்சர் ஆஸ்பத்திரிக்கு ஏழு மாசம் அலைஞ்சம். ஓட்டோக்கார அண்ணா, சாமத்திலயும் முகம் சுளிக்காத மிஸ்ஸிமார், காசு அனுப்பின சொந்தங்கள், எல்லாருக்கும் நன்றி. ஆனா இது முக்கியமா பக்கத்துக் கட்டில் குருநாகல் அக்காவுக்கும் அவவப் பாக்க வந்த ஹாமதுருவுக்கும் (புத்த பிக்கு).

இடுப்பெலும்புக்குப் பரவின பிறகு அம்மாக்கு நோவு தாங்கேலாது. அதுக்குள்ள சொந்தத்தில ஒராள் வந்து, போன பிறப்பில என்ன பாவம் செய்தாவோ எண்டு கட்டிலடியில நிண்டே சொல்லிட்டுப் போக, அம்மா ரெண்டு நாள் சாப்பிடேல்ல. (தோடம்பழம் கொண்டு வந்தவர், அத வச்சிட்டு வாய மூடிக்கொண்டு போயிருக்கலாம்.)

அக்கா இத ஹாமதுருட்ட சொல்லிப்போட்டா. அவர் சொன்னத எனக்குத் தெரிஞ்ச அரைகுறைச் சிங்களத்த வச்சு அம்மாக்குச் சொன்னன். மோலியசீவகன் எண்டு ஒரு துறவி புத்தரிட்ட வந்து, வாற வேதனை எல்லாம் பழைய வினைதானோ எண்டு கேட்டவராம், அதுக்குப் புத்தர் இல்லை, பித்தம், சளி, வாதம், காலநிலை மாறுறது எண்டு எட்டுக் காரணம் இருக்கு, வினை அதில ஒண்டு மட்டும்தான் எண்டாராம். "அப்ப நான் ஒண்டும் செய்யேல்லத்தானே" எண்டு அம்மா அழுதா. அண்டைக்கு இரவு கஞ்சி குடிச்சவா.

மோர்ஃபின் எண்டால் அம்மாக்குப் பயம், பழகிப்போடுமாம். அக்காவுக்கு வேற பயம், பன்சில்ல, அதுதான் பௌத்தர் காக்கிற அஞ்சு ஒழுக்கத்தில, அஞ்சாவது போதை கூடாதெண்டுதானே, சாகிற நேரம் புத்தி மங்கினா என்ன செய்யிறது எண்டு. ஹாமதுரு சிரிச்சுக்கொண்டு, வெறிக்குக் குடிக்கிறது வேற மருந்து வேற, நோவில துடிச்சுக்கொண்டு என்னத்தத் தியானம் செய்யிறது எண்டு கேட்டார். அடுத்த நாள் தொடக்கம் ரெண்டு பேரும் நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, ஆளுக்காள் மணிக்கூடு பாத்துச் சொல்லிக் குடிச்சினம்.

நோவு ஒரு அம்பு, ஐயோ ஐயோ எண்டு மனம் புலம்புறது ரெண்டாவது அம்பு, அந்த ரெண்டாவதத்தான் நாங்கள் தடுக்கேலும் எண்டுறது அக்காட பாடம். நோவு வரேக்க கண்ண மூடிக்கொண்டு "ரிதெனவா, ரிதெனவா" எண்டு மெல்லச் சொல்லுவா. அம்மா கொஞ்ச நாளில அத "நோகுது, நோகுது" எண்டு மாத்திட்டா, பெருவிரலால பெட்சீட்டத் தடவிக்கொண்டு "இப்ப முழங்காலுக்கு வந்திட்டுது, இனி இறங்கும்" எண்டு ஆரோ பஸ்ஸில போறதச் சொல்லுற மாதிரிச் சொல்லுவா. எல்லா நாளும் இது வேலை செய்தது எண்டு பொய் சொல்லமாட்டன், சில இரவு ஊசிக்கு மட்டும்தான் நோவு கேட்டுது.

கடைசிக் கிழமை அக்கா எழும்பி வந்து தன்ர கையில இருந்த பிரித் நூல, பிக்குமார் ஓதிக் கட்டுற நூல, கழட்டி அம்மாட கையில கட்டினவா. திருநீறும் நூலுமாத்தான் அம்மா போனவா.

அக்கா, உங்கட சுடுதண்ணிப் பிளாஸ்க் எங்களிட்டத்தான் இருக்கு, அவதியில மாறி எடுத்திட்டம். கிளினிக்குக்கு எப்ப வாறீங்கள் எண்டு மகளிட்டச் சொல்லிவிடுங்கோ, கொண்டு வாறன்.