ஊர் முந்திக்கொள்ளும் காதல்

கும்பகோணம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். குறுவை அறுவடை முடிந்து சம்பா நடவு நடக்கிறது.

நண்பர்களாகவே இருந்துவிடுவோம் என்று தமக்குள் உறுதி செய்துகொண்ட ஆணும் பெண்ணும் கடைசியில் காதலர்களாகிவிடும் நகைச்சுவைப் படங்கள் உனக்கு அலுத்துவிட்டன என்று எழுதியிருந்தாய். முடிவு முதல் காட்சியிலேயே தெரிந்துவிடுகிறது என்பது உண்மைதான். ஆயினும் அந்த முடிவைத் தள்ளிப்போட இருவரும் படும் பாடு எனக்கு இன்னும் அலுக்கவில்லை. 1989-இல் வந்த 'வென் ஹாரி மெட் சாலி' என்ற ஆங்கிலப் படத்தில், இரவில் அவரவர் வீட்டுக் கட்டிலில் படுத்தபடி, தொலைக்காட்சியில் ஒரே பழைய படத்தைப் பார்த்துக்கொண்டே இருவரும் தொலைபேசியில் பேசுகிறார்கள். அவர்கள் அலசுவது அந்தப் பழைய படத்து நாயகி எடுத்த முடிவை; நமக்குப் புரிவதோ இவர்களுடைய நெருக்கம். அதை எழுதிய நோரா எஃப்ரானும் இயக்கிய ராப் ரெய்னரும் முதலில் இருவரையும் சேர்த்துவைக்க எண்ணவில்லையாம். அப்படியே விட்டிருந்தாலும் எனக்குச் சம்மதமே.

நம் படங்களில் இந்தத் தனிமை வாய்ப்பதில்லை. மூன்றாமவர் ஒருவர் நுழைந்துவிடுகிறார். விக்ரமனின் 'புது வசந்தம்' (1990) படத்தில் நான்கு இளைஞர்களோடு ஒரே வீட்டில் தங்கிய பெண்ணைக் காதலனே சந்தேகிக்கிறான். அவள் அவனை உதறிவிட்டு நண்பர்களிடம் திரும்புகிறாள். '96' (2018) படத்து இருவரும் தஞ்சாவூர்ப் பள்ளியில் படித்தவர்கள். ஆனாலும், பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர்கள் மனம்விட்டுப் பேசும் இரவு சென்னையில்தான் கழிகிறது. தஞ்சாவூரில் அது நடந்திருக்குமா? நம் மகாமகக் குளத்துப் படியில் ஓர் ஆணும் பெண்ணும் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசினால், அவர்கள் தம் மனத்தை அறிவதற்கு முன்பே கடைத்தெரு அறிந்துவிடும்.

அதனாலேயே இந்த வகைக் கதைக்கு நம் ஊர் மிகவும் பொருத்தமானது என்று எனக்குத் தோன்றுகிறது. பூக்காரம்மா முதல் பெரியத்தை வரை ஒவ்வொருவரிடமும் "நாங்கள் நண்பர்கள்தாம்" என்று சொல்லிச் சொல்லிச் சலித்த இருவர், ஊர் சொல்வதுதான் சரியோ என்று தனித்தனியே ஐயப்படத் தொடங்குவதாகவும், ஊருக்குத் தோற்றுப்போக மனமில்லாமலேயே அதை ஒருவரிடமிருந்து ஒருவர் மறைப்பதாகவும் ஒரு கதையை நீ எழுதலாம். தினமும் மயிலாடுதுறைக்கு ஒரே ரயிலில் வேலைக்குப் போகிறவர்களாக அவர்களை வைத்துக்கொள். தீபாவளிக்கு வரும்போது முதல் அத்தியாயத்தையாவது கொண்டுவா.

அன்புடன்,
உன் நண்பன்