'எனக்கு' எல்லாம் 'மீ' ஆகாது

ஆசிரியருக்கு,

மாட்டுங்காவில் சாயங்காலம் நாலைந்து பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன், உங்கள் மாணவர் பக்கத்தில் 'நான்' என்றால் ஐ, 'என்னை, எனக்கு' என்றால் மீ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், அதைப் படித்த பையன் 'எனக்குப் பசிக்கிறது' என்பதை 'மீ ஹங்கிரி' என்று எழுதி நீட்டினான். அவன் மேல் தப்பில்லை. தமிழில் பசி, தூக்கம், பிடிப்பது எல்லாம் 'எனக்கு'த்தான். ஆங்கிலத்தில் அங்கே ஆள்தான் எழுவாய், 'ஐ ஆம் ஹங்கிரி', 'ஐ லைக் டீ'. யூ, இட் இரண்டும் எழுவாயானாலும் செயப்படுபொருளானாலும் மாறாது, அந்த மட்டும் புண்ணியம். அப்புறம், 'ஹி கால்டு ரவி அண்ட் ஐ' என்று பெரியவர்களே எழுதுகிறார்கள். ரவியை எடுத்துவிட்டுப் படியுங்கள், 'ஹி கால்டு ஐ' என்று யாராவது சொல்வார்களா? அங்கே 'மீ'தான் வரும். அடுத்த வாரம் இதையும் போடுங்கள்.

ஒரு வாசகி, மும்பை